ஈரோடு, இரவு 2.17

முத்தூர் எண்ணெய் ஆலையிலிருந்து போன்.
"ஏனுங்க, பேங்க் கணக்க மாத்தீட்டீங்களாட்ட இருக்குது?
நேத்து மெயில்ல புது நம்பர் வந்துச்சுங்க.
எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பணம் போடலாம்னு…"
நான் எந்த நம்பரும் அனுப்பவில்லை.
களத்தில் கொப்பரை வெயிலுக்கு வாய் பிளந்து கிடந்தது.
கையிலிருந்த டம்ளரை எங்கே வைத்தேன்
என்று இன்றுவரை தெரியாது.

ஓடிப்போய் நெட் வயரைப் பிடுங்கினேன்.
அந்தச் சின்னக் கிளிப் உடைந்து மேசைக்கடியில் விழுந்தது.
கேமராக் கண்ணில்
நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினேன்.
பிறகுதான் மூச்சு வந்தது.

அவருடைய போனை வாங்கி
யார் யார் எப்போது நுழைந்தார்கள் என்று பார்த்தேன்.
ஒரே ஒரு வரி:
ஈரோடு. செவ்வாய். இரவு 2.17.

ஈரோட்டில் எனக்குத் தெரிந்தவள் ஒருத்தி.
என் நங்கை, கோகிலவாணி.
பொங்கலுக்கு வந்தவள் இதே நாற்காலியில் உட்கார்ந்து
மகனுக்கு ஹால் டிக்கெட் எடுத்தாள்.
பாஸ்வேர்டு காலண்டர் அட்டையில் இருந்தது,
பால் கணக்குக்கு மேலே.
மாசியில் மூன்று லட்சம் கேட்டாள்,
இல்லையென்றோம்.

இவ்வளவையும் நான் வரிசையாக அடுக்கி
அவரிடம் சொல்லிவிட்டேன்.
அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.
தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு
"எந்தங்கச்சியா" என்றார்.
கேள்வியா இல்லையா
என்று குரலில் தெரியவில்லை.

மறுநாள் தாராபுரம் ரோட்டிலிருந்து அன்வர்தீன் வந்தான்.
வந்தவன் முதலில் பொட்டைப் பார்த்துச் சிரித்தான்.
அவன் லேப்டாப்பில் என் மெயிலைத் திறந்து
மூலையில் ஒரு பெட்டிக்குள் பெட்டியைக் காட்டினான்.
வருகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நகல்
எனக்குத் தெரியாத ஒரு பேருக்கு.
நாலு மாசமாக.
"பாஸ்வேர்டு மட்டும் மாத்துனா ஆகாதுங்க்கா.
படலச் சாத்தீட்டு, கிளுவை வேலியில
ஆட்டுக் கடவ அப்புடியே உட்ட மாதிரி."

ஈரோட்டைப் பற்றிக் கேட்டேன்.
அவன் என் வீட்டு இணைப்பிலேயே ஒருமுறை உள்ளே நுழைந்து
"இப்பப் பாருங்க" என்றான்.
ஈரோடு. வியாழன். பகல் 11.40.

"காங்கேயத்துல யாரு நொழஞ்சாலும் அப்புடித்தானுங்க காட்டும்.
லைன் அங்கிருந்து வருது."

அப்படியென்றால் 2.17க்கு வந்தவன்
இந்த மேசைக்கு வந்திருக்கிறான்.
நான் அணைக்காமல் விட்ட இந்தப் பெட்டியை
எங்கிருந்தோ கையாக நீட்டிக்கொண்டு.
சுவருக்கு அந்தப் பக்கம் நாங்கள் படுத்திருந்தோம்.
ஃபேன் சத்தம் வேறு.

அன்வர்தீன் எல்லாவற்றையும் அழித்தான்.
பில்களை மட்டும் வேறொரு டிஸ்கில் எடுத்து,
சலித்துப் பார்த்துத்தான் திரும்ப ஏற்றுவேன் என்றான்.
பேங்குக்கு நானே போய் எழுதிக் கொடுத்தேன்.
முத்தூர், வெள்ளகோவில், மூலனூர்
ஒவ்வொருவருக்கும் போன் போட்டு
என் குரலால் சொன்னேன்.

புது இயந்திரம் மாதிரி அது கேட்டது:
உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர்?
மணியை இந்தத் தெருவுக்கே தெரியும்.
நீங்கள் பிறந்த ஊர்?
அது கல்யாணப் பத்திரிகையிலேயே இருக்கிறது.
பொய் எழுதுங்க என்றான் அன்வர்தீன்.
எழுதினேன்.
நாய்க்கு ஒரு கிரகத்தின் பெயர்.
பிறந்தது, நான் பார்த்தேயிராத ஒரு தீவு.
நாற்பத்தோரு வயதில்
யாருக்கும் தெரியாதது என்று எனக்கு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கோகிலவாணி வந்தாள்.
மகனுக்கு ஏதோ பிரிண்ட் எடுக்கவேண்டுமாம்.
நாற்காலியில் உட்கார்ந்து
"அதே பாஸ்வேர்டு தானே நங்கை?" என்றாள்.
அவர் வாசலில் செருப்பைத் தேடுகிறவர்போல் நின்றார்.
நான் கீபோர்டை என் பக்கம் இழுத்தேன்.

ஒரு நொடி என்னைப் பார்த்தாள்.
பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு,
நான் அடித்து முடிக்கும்வரை,
களத்தில் இல்லாத காக்காயைப்
பார்த்துக்கொண்டிருந்தாள்.